கட்டத்துக்கு ஒரு பெருக்கல்

சூர்யகலாவுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன. முதலாவது மூன்றாம் மாதத்தில், அடுத்தது நான்காம் மாதத்தில். இரண்டு தடவையும் அவள் போடிமெட்டுக்கு அந்தப்புறம் ஓர் ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் ஓஸ் இழுத்துக்கொண்டிருந்தாள். முன்னால் அவள் புருஷன் சின்ராசு மருந்து பீய்ச்சும் கன்னைப் பிடித்துச் செடிக்குச் செடி பூச்சிமருந்து அடித்துக்கொண்டு போவான். பின்னால் அவள் அந்த நீள ஓஸைச் சரிவில், செடிகளுக்கு நடுவே சிக்காமல் இழுத்துக் கொடுத்துக்கொண்டே வருவாள். புகையாக எழும்பும் மருந்து முன்னால் போகிறவனைவிடப் பின்னால் வருகிறவள் மேல்தான் அதிகம் படியும். இது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, கூலி வேலையில் இடம் பார்த்தா நிற்க முடியும்?

மூன்றாவது தடவை நாள் தள்ளிப்போனதும் ஜீப் ஏறிப் போடிக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பழைய கதையை எல்லாம் கேட்டுவிட்டு எழுதுவதை நிறுத்தினார்.

“இந்தப் பிள்ளை உனக்கு வேணுமா, வேணாமா?”

“வேணும்மா.”

“அப்ப மருந்து அடிக்கிற பக்கம் தலைவச்சும் படுக்காத. உன் வீட்டுக்காரர் கட்டியிருக்கிற கைலிகூட உன்மேல படக் கூடாது.”

அன்றிலிருந்து சின்ராசு படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. வேலை முடிந்து வந்தால் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வெளியே குழாயடியிலேயே குளித்துத் துணி மாற்றிக்கொண்டுதான் வாசலை மிதிப்பான். அடிக்கும்போது போட்ட சட்டையும் கைலியும் வீட்டுக்குள் வராது. கொல்லையில் தகரத்துக்குக் கீழே தனியாகத் தொங்கும். பக்கத்து வீட்டு இருளம்மாள், “மாசமா இருக்கிறது சூர்யகலாவா, சின்ராசா? ஒண்ணும் புரியமாட்டேங்குதே” என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் கேட்டுச் சிரிப்பாள். அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

மருந்து காலியான பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவி உப்பு, புளி, சீனி போட்டு வைப்பது அந்த லயத்தில் எட்டு வீட்டிலும் வழக்கம். மழை பிடித்தால் அங்கே நான்கு மாதம் விடாது. மூடுபனி கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளியே வைத்த உப்பு தண்ணீராக ஓடும். அந்த டப்பாவின் மூடிதான் ஈரம் புகாமல் இறுகிப் பிடிக்கும். சின்ராசு தன் வீட்டு அடுக்களையில் இருந்த டப்பாக்களை ஒன்று விடாமல் அள்ளிக் கொண்டுபோய்க் குழியில் போட்டு மூடினான். எவர்சில்வர் டப்பாக்கள் வாங்கி வந்து அடுக்கினான். இவ்வளவும் யோசித்த மனிதன் ஒன்றை யோசிக்கவில்லை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

வேலைக்குப் போகாத சூர்யகலாவுக்குப் பகல் நகரவில்லை. மழை வந்தால் போனில் சிக்னல் போய்விடும். லயத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. சமைத்துக் கழுவி முடித்தால் காலை ஒன்பது மணி. அதற்குப் பிறகு வயிற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இது தங்குமா, போகுமா என்று ஒரே நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பயத்தைக் கைக்கு வேறு சோலி கொடுத்துத்தான் விரட்ட வேண்டும் என்று அவளுக்கே தோன்றியது.

மூன்றாம் மாதச் செக்கப்புக்குப் போடிக்கு வந்த அன்று பின்னூசி வாங்க ஜெஸ்ஸியின் ஃபேன்சி கடைக்குப் போனாள். நூல், பொத்தான், வளையல், ரிப்பன் எல்லாம் விற்கும் சின்னக் கடை. கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் இரண்டு கிளிகள் இருந்தன.

“வரைஞ்சதாக்கா?”

“தச்சது. பக்கத்துல வந்து பாரு.”

கிட்டே போய்ப் பார்த்தாள். கிளி காணாமல் போய்விட்டது. அரிசி மணியிலும் சின்னதாகப் பெருக்கல் குறிகள்தான் ஆயிரக்கணக்கில் இருந்தன.

“பூராம் பெருக்கலா இருக்கு!”

“கிராஸ் தையல்னா அம்புட்டுத்தான். கட்டத்துக்கு ஒரு பெருக்கல். எண்ணத் தெரிஞ்சவளுக்குத் தைக்கத் தெரியும்” என்றாள் ஜெஸ்ஸி. ஜெஸ்ஸிக்கு நாற்பது வயது இருக்கும். கடையில் கூட்டம் இல்லாவிட்டால் யாரையாவது பிடித்து உட்காரவைத்துத் தையல் பழக்குவது அவளுக்குப் பொழுதுபோக்கு. அன்றைக்குச் சூர்யகலா அகப்பட்டாள்.

கடைசி ஜீப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஜெஸ்ஸி மேட்டித் துணியில் ஒரு துண்டு வெட்டினாள். ஓட்டை ஓட்டையாக, கட்டம் கட்டமாக நெய்த துணி அது. நான்காக மடித்து, மடிப்பு சேரும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். “ஓரத்துல ஆரம்பிச்சா கடைசியில துணி பத்தாமப் போயிரும். நடுவுல இருந்துதான் வெளிய போகணும். படத்துலயும் நடுக்கட்டம், துணியிலயும் நடுக்கட்டம்.” நூல் ஆறு இழையாக இருந்தது, அதில் இரண்டை மட்டும் உருவினாள். “ஆறையும் சேத்துக் கோத்துறாத, கயிறு மாதிரி நிக்கும். முடிச்சுப் போடாத. பின்பக்கம் நூலை விரலால அமுக்கி வச்சு, நாலு தையல் அது மேலயே போயிட்டா அதுவா நின்னுக்கும். முதல்ல இந்தச் சாய்வு. வரிசை முடிஞ்சதும் திரும்பி வரையில மறுசாய்வு. மேல விழுற சாய்வு எல்லாமே ஒரே பக்கமாத்தான் படுக்கணும். ஒண்ணு மாறிப் படுத்தாலும் கண்ணை உறுத்தும்.”

மொண்ணை ஊசியின் பெரிய காதில் நூலைக் கோக்கச் சொன்னாள். இரண்டு இழையும் பிரிந்து பிரிந்து போக்குக் காட்டின. ஜெஸ்ஸி வாங்கி, நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்கி, ஒரே குத்தில் கோத்துக் காட்டினாள். “வாயில வச்சு நல்லா நனை. படிஞ்சு நிக்கும்.”

என்ன படம் தைப்பது என்று பேச்சு வந்தது. பிள்ளை பிறக்கும் முன் பிள்ளைக்கென்று எதுவும் தைக்கக் கூடாது என்று இருளம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆகவே தொட்டில், குட்டிக்கரடி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒரு சேவல் படத்தை எடுத்துக்கொண்டாள். மேலே சிவப்பு, நடுவே ஆரஞ்சு, வாலில் நாலு விதப் பச்சை. தொடக்கத்துக்கு இது போதும் என்று ஜெஸ்ஸி நூல் கண்டுகளைக் கட்டிக் கொடுத்தாள்.

முதல் வாரம் தையல் அவளைப் பாடாய்ப் படுத்தியது. முடிச்சுப் போடாதே என்று சொல்லியும் போட்டாள். இழுத்த இழுப்பில் துணி சுருங்கியது. ஒரு கட்டம் தப்ப எண்ணியதில் சேவலின் இறக்கை தோள்பட்டையைவிட்டு விலகி நின்றது. எல்லாவற்றையும் பிரித்தாள். மறுபடி நடுப்புள்ளியில் தொடங்கினாள். எட்டாம் நாள் கை புரிந்துகொண்டது. வரிசை வரிசையாகப் பெருக்கல்கள் ஒரே பக்கம் சாய்ந்து படுத்தன. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கே பெருமை தாங்கவில்லை. தைக்கும் நேரத்தில் பயம் வரவில்லை என்பதையும் அவள் கவனித்தாள்.

மழை இறங்கியதும் துணியில் பூசணம் புள்ளி வைத்தது. சிவப்பு நூலில் ஈரம் ஏறி முடை நாற்றம் அடித்தது. இரண்டு நாள் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டாள். புகை வாடை ஏறியதுதான் மிச்சம். இவ்வளவும் வீணாகப் போகிறதே என்று அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

மறுநாள் சாயந்திரம் சின்ராசு குளித்துவிட்டு வரும்போது கையில் அகல வாய் டப்பா ஒன்று இருந்தது. வெள்ளை உடம்பு, சிவப்பு மூடி.

“மாமா, மருந்து டப்பா வீட்டுக்கு வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அது சோத்துச் சாமானுக்கு. நூலை என்ன கடிச்சா திங்கப் போறோம்? சோப்பு போட்டு, சாம்பல் போட்டு, வெந்நி ஊத்தி ஏழு தடவ கழுவிட்டேன். மோந்து பாரு.”

மோந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? மலை முழுக்க அந்த வாடைதான். காற்றில், செடியில், ஜீப்பு சீட்டில், பக்கத்து வீட்டுச் சேலையில் எங்கும் அதுதான். அங்கே பிறந்து வளர்ந்த மூக்கு அதை வாடை என்றே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. சின்ராசு ஆசையாகக் கொண்டுவந்திருந்தான். நூல் கண்டுகளையும் துணியையும் ஊசியையும் அதில் போட்டு மூடியைத் திருகினாள். பூசணம் அதோடு நின்றது.

ஒரு முழ நூல் இருபது பெருக்கலுக்குக்கூட வராது. பகலில் இருபது முப்பது தடவை நூல் கோக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் டப்பாவைத் திறந்து, இழை உருவி, நுனியை வாயில் வைத்து நன்றாக நனைத்தாள். அதற்குப் பெயர் கடித்துத் தின்பது இல்லைதான்.

பத்துப் பதினைந்து நாளில் அவளுக்கு வாயில் எச்சில் ஊறத் தொடங்கியது. குமட்டியது. உட்கார்ந்த இடத்தில் வேர்த்து ஊற்றியது. இருளம்மாளுக்கு வாயெல்லாம் பல். “போன ரெண்டுக்கும் உனக்கு மசக்கையே இல்ல. அதான் தங்கல. இப்பப் பாரு, குடலைப் புரட்டுதுல்ல? பிள்ளை கெட்டியாப் புடிச்சிருச்சு தாயி. வாந்திய அடக்காத.” சூர்யகலா குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்துவிட்டு நிமிரும்போது சந்தோஷமாகச் சிரித்தாள். சின்ராசு லயம் முழுக்க மிட்டாய் கொடுத்தான்.

நான்காம் மாதச் செக்கப்பில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். கடைக்குத் துணியை மட்டும் எடுத்துப்போய்க் காட்டினாள். சேவலின் நெஞ்சும் பாதி இறக்கையும் முடிந்திருந்தன. ஜெஸ்ஸி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “முதல் துணியில இப்படி நான்கூடத் தைக்கல” என்றாள். அன்று ஜீப்பில் ஊருக்கு ஏறும்போது சூர்யகலா மடியில் துணியை விரித்து வைத்துக்கொண்டே வந்தாள்.

அதற்கடுத்த மாதம் மழை வெறி பிடித்துக் கொட்டியது. மலைப்பாதையில் இரண்டு இடத்தில் மண் சரிந்து ஜீப்பு நின்றுபோனது. செக்கப்புக்குப் போக வழியில்லை. ஆனால் கவலைப்பட என்ன இருக்கிறது, அந்த மாதம்தான் பிள்ளை முதன்முதலாக அசைந்தது. இறக்கையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே மெல்ல ஒரு தட்டு. அவள் ஊசியை அப்படியே நிறுத்தினாள். இன்னொரு தட்டு. சாயந்திரம் சின்ராசு வந்ததும் அவன் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். அவன் கையை எடுக்கவே இல்லை. அதற்குப் பிறகு தினமும் குளித்துவிட்டு வந்து முதல் வேலையாகக் கைவைத்துப் பார்ப்பான்.

கண் மங்கலாகத் தெரிந்தது. மழை இருட்டு என்று நினைத்துக்கொண்டாள். விரல்கள் ஒரு மாதிரி துள்ளின. ரத்தம் குறைவாக இருக்கும் என்று இருளம்மாள் பேரீச்சம்பழம் கொடுத்தாள். தலைவலிக்கு நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு தைத்தாள். ஊசி கட்டத்தை விட்டு விலகிக் குத்தியது. பிரிக்கப் பொறுமை இல்லாமல் அப்படியே மேலே போனாள். பொறுமைக்குப் பேர்போனவள், இது தன் குணம் இல்லையே என்று ஒரு நாள் அவளுக்கே உறுத்தியது. மாசமாக இருக்கும்போது எல்லாம் இப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். எதற்கும் அந்த ஒரே பதில்தான் அவளிடம் தயாராக இருந்தது.

பாதை திறந்த மறுநாள் காலை முதல் ஜீப்பில் போடிக்கு இறங்கினாள். ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. சின்ராசுக்கு அன்று மருந்து அடிக்கும் முறை, வர முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பத்து மணிக்குத்தான் டோக்கன் கொடுப்பார்கள். நூல் தீர்ந்திருந்ததால் முதலில் ஜெஸ்ஸி கடைக்குப் போனாள். பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கல்லா மேல் வைத்து, துணியை உருவி விரித்தாள்.

ஜெஸ்ஸி சிரித்த முகமாகத்தான் குனிந்தாள். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள்.

“இந்த வால் பக்கம் யார் தச்சது?”

“நான்தான்க்கா.”

“வேற யாரும் கைவைக்கலையே?”

“இல்லக்கா. ஏன்?”

ஜெஸ்ஸி துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இந்தக் கல்லாவுக்கு முன்னால் அவள் எத்தனையோ பேருக்குப் பழக்கியிருக்கிறாள். ஒருத்தி துணியாவது இப்படி இருந்ததில்லை. புதிதாகப் பழகுகிறவள் துணியில் நடுப்பகுதிதான் கோணலாக இருக்கும். வெளியே போகப் போகக் கை திருந்தும். ஓரத்துக்கு வரும்போது தையல் அச்சடித்த மாதிரி ஆகிவிடும். இந்தத் துணியில் நெஞ்சுப்பகுதி அச்சடித்த மாதிரி இருந்தது. இறக்கையில் இரண்டொரு பெருக்கல் சாய்வு மாறியிருந்தது. கழுத்தில் பத்து. வாலில் பெருக்கல் என்று சொல்ல எதுவுமே இல்லை. பச்சை நூல் கிறுக்கிக் கிடந்தது.

“சூர்யா, கையை நீட்டு.”

நீட்டினாள். பத்து விரலும் அதுபாட்டுக்கு ஆடின.

“எத்தனை நாளா இப்படி?”

“மசக்கைக்கா. சத்து இல்லைன்னு…”

“ஆறாம் மாசத்துல என்ன மசக்கை? எங்க, ஒரு நூல் கோத்துக் காட்டு.”

சூர்யகலா டப்பாவிலிருந்து ஓர் இழையை உருவினாள். நுனியை வாயில் வைத்தாள். அந்த நேரத்தில் திறந்த டப்பாவிலிருந்து கிளம்பிய வாடை ஜெஸ்ஸியின் மூக்கில் ஏறியது. அது வளையலும் ரிப்பனும் பவுடரும் மணக்கும் கடை. மலையில் தெரியாதது அங்கே பளிச்சென்று தெரிந்தது. ஜெஸ்ஸி எட்டி அவள் வாயிலிருந்து நூலைப் பிடுங்கினாள்.

“இது என்ன டப்பா?”

சூர்யகலா டப்பாவைப் பார்த்தாள். பிடுங்கப்பட்ட நூலைப் பார்த்தாள். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “மருந்து டப்பாக்கா” என்றாள். “வாயில வச்சு நனைன்னு நான்தானே சொல்லிக் கொடுத்தேன், கர்த்தரே” என்று ஜெஸ்ஸி முனகினாள். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு அவளை ஆட்டோவில் ஏற்றினாள். டப்பாவையும் துணியையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கையோடு எடுத்துக்கொண்டாள். ஆட்டோக்காரரிடம், “வெரசாப் போங்கண்ணே” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

டாக்டரம்மா டப்பாவைப் பார்த்தார், அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், ஊசி போட்டார். பிறகு வயிற்றில் ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்தார். இங்கே வைத்தார், அங்கே வைத்தார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டாக்டரை வரச்சொன்னார். அவரும் பார்த்தார்.

“பிள்ளை கடைசியா எப்ப அசைஞ்சது?”

சூர்யகலா நாளைக் கணக்குப் பார்த்தாள். நேற்றா? அதற்கு முந்தின நாளா? மழையில் எல்லா நாளும் ஒரே நாளாக இருந்தது. தூங்குகிறது, இடம் பத்தாமல் அடங்கிக் கிடக்கிறது என்று நினைத்திருந்தாள். சின்ராசு கைவைத்துப் பார்த்துக் கேட்டபோதும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

“அக்கா, துணியைக் கொண்டா.”

ஜெஸ்ஸி கொண்டுவந்து விரித்தாள். சூர்யகலா ஆடும் விரலால் சேவலின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். வாலின் முதல் இறகில், அடர்பச்சை தொடங்கும் இடத்தில் விரல் நின்றது. அந்த இடத்தில்தான் பலமாக ஓர் உதை வந்தது. ஊசி விலகிப் பாய்ந்து நூல் நீளமாக விழுந்திருந்தது. அதற்கப்புறம் அவள் எதற்கும் ஊசியை நிறுத்தவில்லை.

“இங்க” என்றாள்.

“அதுக்குப் பெறகு எவ்வளவு தச்சிருக்க?” என்று ஜெஸ்ஸி கேட்டாள்.

எண்ணினாள். எண்ணுவதற்குத்தான் இத்தனை மாதம் பழகியிருந்தாள். இருபத்திரண்டு வரிசை. கை ஆடத் தொடங்கியபின் ஒரு நாளைக்கு இரண்டு வரிசைதான்.

“பதினோரு நாள்.”

டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு அவள் தோளில் கைவைத்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஜெஸ்ஸி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். சூர்யகலாவுக்கு அழுகை வரவில்லை. இருபத்திரண்டு வரிசை, பதினோரு நாள் என்று மனசு அதையே எண்ணிக்கொண்டிருந்தது.

உடனே வரும்படி மட்டும் ஜெஸ்ஸி போன் செய்திருந்ததில், மூன்று மணி வாக்கில் சின்ராசு வந்து சேர்ந்தான். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தான்; உடம்பெல்லாம் மருந்து. வார்டு வாசலோடு நின்றுகொண்டான். “உள்ள போங்க” என்று நர்ஸ் சொல்லியும் காலை எடுத்து வைக்கவில்லை.

“இந்தத் துணியோட வரக் கூடாதுங்க. பிள்ளைக்கு ஆகாது” என்றான்.

சூர்யகலா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

“உள்ள வாங்க மாமா. இனிமே வரலாம்.”